மணல் வாளி

நாளை மறுநாள் தோட்டச் சங்கத்தார்
தண்ணீர்க் குழாயை மூடிவிடுவார்கள்.
பிறகு ஏப்ரல் வரை இங்கே
கடல்காற்றுக்கு மட்டும்தான் வேலை.
அதனால் இன்று விடுப்பு.
லியெபாயாவின் ஒரே டிராம் தடத்தை
இன்னொருத்தி ஓட்டட்டும்.

தகரக் கொட்டகையின் வாசலில்
ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் வெளியே எடுக்கிறேன்.
மண்வெட்டியின் கழுத்தில்
கிழங்கு தோண்டிய நாளின் மண்
இறுகிக் கிடக்கிறது.
கம்பித் தூரிகையின் சத்தம் பல்லைக் கூசவைக்கிறது.
துரு முதலில் செம்பொடியாய் உதிரும்,
பிறகு பிடிவாதம் பிடிக்கும்.
பிடிவாதத்துக்கு வினிகர்.
அதற்கும் மசியாததை விட்டுவிடுவேன்.
எனக்கும் வயது ஐம்பத்தேழு.

வாளியில் மணல்.
டிப்போவில் கேட்டு வாங்கியது.
தண்டவாளம் வழுக்கும் காலைகளில்
சக்கரத்தின் முன்னால் தூவுவோமே, அதே மணல்.
பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிக் கலந்து
மண்வெட்டியைக் குத்திக் குத்தி எடுத்தால்
இரும்பு மீனைப் போல நழுவி வருகிறது.
வழுக்காமலிருக்க ஊர் போடும் மணலை
வழுக்குவதற்கென்று வைத்திருக்கிறேன்.

கைப்பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய்.
மரம் குடிக்கிற வரைக்கும் கொடுக்கலாம்,
அது போதும் என்று சொல்லும்போது
துணி தானாக வழுக்கும்.

ரப்பர் குழாய்ச் சுருளின் பின்னால்
ஆணியில் தொங்கியது ஒரு கவாத்துக் கத்தரி.
சிவப்புப் பிடி. என்னுடையது பச்சை.

மூன்று வருடம்.
பக்கத்துத் தோட்டத்து ஓயார்ஸிடம் இரவல் வாங்கினேன்,
என் கண்ணாடிக் கூரைமேல் சாய்ந்திருந்த
அவருடைய பிளம் கிளையை
அவருடைய கத்தரியாலேயே வெட்டினேன்.
அவர் கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை.
கோபத்தில் நான் திருப்பித் தரவில்லை,
கோபத்தில் அவர் கேட்கவில்லை.

வாய் திறக்க மறுத்தது கத்தரி.
திருகைக் கழற்றியதும்
சுருள்வில் துள்ளி மணலுக்குள் விழுந்துவிட்டது.
அரைமணி நேரம் விரலால் அளைந்தேன்,
அவரையும் திட்டிக்கொண்டு.
அலகில் கறுத்து ஒட்டியிருந்தது
அந்தக் கிளையின் பிசின்.
மிச்சமிருந்த வோட்காவில் துணி நனைத்துத் துடைத்தேன்.
சாட்சியம் போயிற்று.
தீட்டுக்கல்லில் ஒரே பக்கமாய் இழுத்து
டிராம் சீட்டு ஒன்றை வெட்டிப் பார்த்தேன்.
சத்தமே இல்லை.

இருட்டும் நேரம்
செய்தித்தாளில் சுற்றி
அவர் வீட்டுப் படலில் மாட்டிவிட்டு வந்தேன்.
புகைபோக்கியில் புகை.
நாய் ஒருமுறை குரைத்து, என்னை அடையாளம் கண்டு,
வெட்கப்பட்டது போல நிறுத்திக்கொண்டது.

மறுநாள் காலை, பீப்பாயைக் காலி செய்ய வந்தால்
என் படலில் சாய்ந்து நிற்கிறது
என் இலைவாரி.

திருட்டுப் போனதென்று
சங்கத்துக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேனே,
எட்டு யூரோவுக்குப் பூட்டு வாங்கினேனே,
அந்த இலைவாரி.
சீட்டு எதுவும் இல்லை.
கழுவவும் இல்லை!
பல்லிடுக்கில் சேறு,
சேற்றில் மக்கிய பிளம் இலைகள்,
பிடியில் யாரோ சுற்றிய நீல நாடா.

அவர் காதில் விழும்படி
நல்ல வார்த்தையல்லாத ஒன்றைச் சொன்னேன்.
வேலிக்கு அப்பால்
கிளிக் கிளிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது நின்றது.
பிறகு தொடர்ந்தது.
எந்தக் கிளை என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.

தண்ணீர் நிற்க இன்னும் ஒரு நாள் இருக்கிறது.
உள்ளே வைத்த வாளியை
மறுபடி வெளியே இழுத்தேன்.
பன்னிரண்டு பல் இருக்க வேண்டும்.
எண்ணினேன்.
பதினொன்று.